நீமி பேசாத நாட்கள்

ஹெரான் தீவு, வடமுனை
ஜனவரி 10

அன்புள்ள மார்லிஸ் அக்கா,

போன வாரம் ஒரு முற்பகல், கோப்பையில் இருந்த காப்பி ஆறுவதற்குள், என் கைப்பேசியை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். புதுப்பிப்பது அல்ல, மாற்றுவது. அதே கம்பெனியின் அடுத்த மாடலை வாங்குவது, ஒரே மதத்துக்குள் இன்னும் பெரிய சர்ச்சுக்குப் போவது போன்றது. கம்பெனியையே விட்டு வெளியேறுவது வேறு. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இப்படிப்பட்ட முடிவுகளால் ஐரோப்பாவில் என்னென்ன நடந்தன என்பதை நான் மறக்கவில்லை. இங்கே ஓர் அட்டைப்பெட்டி வந்தது. அவ்வளவுதான்.

பழையது குளிர் தாங்கவில்லை. எழுபது சதவீதம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே செத்துவிடும். சட்டைக்குள் வைத்து உடம்புச் சூடு கொடுத்தால் உயிர்த்தெழும். ஓர் இயந்திரத்துக்கு இவ்வளவு பாசம் காட்ட எனக்குத் தெம்பில்லை. அதை மேசை டிராயரில் போட்டுவிட்டேன். அப்படியே உன் கைப்பேசிக் கட்டணக் குடும்பத் திட்டத்திலிருந்தும் விலகிக்கொண்டேன். ஹெரால்ட் அத்தான் இருந்தவரை அவருடைய முகத்துக்காக இருந்தேன். இனி என் கட்டணத்தை நானே கட்டிக்கொள்கிறேன்.

நீ பயப்பட ஒன்றுமில்லை. எண் அதேதான். எண் மாறவில்லை என்றால் எதுவும் மாறவில்லை என்று பொருள்.

ஏரி வண்டி ஓட்டும் அளவுக்கு உறைந்து, பனிப்பாதை திறந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் தூக்கியெறிந்த கிறிஸ்துமஸ் மரங்களையெல்லாம், வழக்கம்போலப் பாதையைக் கவனிக்கும் நீமி பொறுக்கி, உறைந்த ஏரியில் துளைபோட்டு நட்டு, உங்கள் கரையிலிருந்து எங்கள் தீவுவரை வரிசை கட்டிவிட்டார். படகுத்துறையில் வைக்கும் தடுப்புப் பலகையைப் போன வருடம் யாரோ குளிர்காய எரித்துவிட்டார்கள் அல்லவா, இந்த வருடம் பலகையே வேண்டாம், கைப்பேசிக் குழுவில் செய்தி போட்டால் போதும் என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் நீமி எழுந்து நின்று சட்டத்தைச் சொன்னாராம்: "தெனமும் விடிய ஐஸத் துளச்சுப் பாக்குறது நான். ரோடு நல்லாருந்தா நான் எதுக்குப் பேசணும்? என் சத்தம் கேக்கலன்னா வண்டிய எடு. கேட்டுச்சுன்னா வீட்ல இரு."

இவ்வளவு சுருக்கமான அரசியல் சாசனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அன்புடன்,
லீலண்ட்


பெல்மர் துறை
ஜனவரி 18

லீலண்ட்,

கைப்பேசி வாங்கியதைக் கடிதம் எழுதிச் சொல்லுகிற ஆள் விஸ்கான்சினிலேயே நீ ஒருவன்தான் இருப்பாய்.

உன் கடிதம் வந்து சேருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய செய்தி பச்சையாக வந்தது. எங்கள் கம்பெனிக்காரர்களுக்குள் நீலமாக வரும், வெளியாள் என்றால் பச்சை. சர்ச் அடித்தளத்தில் காப்பிக்கு உட்கார்ந்திருந்தோம். டார்லீன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி மார்லிஸ், ஒன் தம்பி பச்சையாயிட்டான்? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றாள். அவன் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது என்றேன். "அப்ப ஒடம்புக்கு ஏதாவதா?" என்றாள். எல்லோர் முன்னாலும்.

குடும்பத் திட்டம் ஹெரால்ட் போட்டது. நான்கு பேருக்கு நான்கு இணைப்பு. அவருடையதை அக்டோபரில் நிறுத்தினேன். அதற்கு நான் கடையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று உனக்குத் தெரியாது, நீ வரவில்லை. இப்போது நீ. அரிசோனாவில் இருக்கிற என் மகனும் நானும்தான் மிச்சம். இரண்டு பேரைக் குடும்பம் என்று அந்தக் கம்பெனி ஒப்புக்கொள்ளுமா என்று கேட்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் உன்னைக் கூப்பிட மாட்டேன். நீ கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். நீ எப்படியும் கூப்பிடப் போவதில்லை, அது வேறு விஷயம். எழுத வேண்டும் என்றால் கடிதம் எழுது. நீ இந்த நூற்றாண்டை விட்டுப் போய்விட்டதால் நானும் கூடவே வந்து தொலைக்கிறேன்.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கடிதத்தில் எழுதமாட்டேன். தபால் ஆபீஸ் பெர்னீஸ் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கிறவள். இந்த ஒரு தடவை மட்டும் கைப்பேசியில் செய்தியாக அனுப்புகிறேன். யோசித்துப் பதில் சொல். பதில் எப்படி வந்தாலும் சரி, பச்சையாகவே இருந்தாலும்.

மார்லிஸ்


ஹெரான் தீவு, வடமுனை
ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

புதுக் கைப்பேசியின் சிறப்புகளில் முதன்மையானது அதன் மௌனம். பழையதில் பனிப்பாதைக் குழு காலையில் தொடங்கினால் யார் வீட்டு நாய் காணோம், யாருக்குப் பழைய அடுப்பு வேண்டும் என்று நாள் முழுக்கக் கூவிக்கொண்டிருக்கும். மூன்று வாரமாக ஒரு சத்தமில்லை. வம்பு பேசுவதை நிறுத்துங்கள் என்று நவம்பரில் நான் போட்ட நீண்ட செய்திக்குப் பலன் கிடைத்துவிட்டதாக நினைக்கிறேன். மக்கள் மெதுவாகத்தான் திருந்துவார்கள், ஆனால் திருந்துவார்கள்.

நீமியிடமிருந்தும் ஒன்றுமில்லை. இப்படி ஓர் அருமையான குளிர்காலம் எனக்கு நினைவில் இல்லை. முன்பெல்லாம் ஜனவரியில் நாலைந்து நாளாவது பாதையை மூடிவிடுவார். இந்த வருடம் ஒரு நாள்கூட இல்லை.

வியாழக்கிழமை பாலும் முட்டையும் வாங்கக் கரைக்கு வந்தேன். வழி முழுக்க என் வண்டி மட்டும்தான். மரங்களுக்கு நடுவே பனிக்கு மேலாகத் தண்ணீர் நின்றதால் சக்கரங்கள் படகு போலச் சத்தம் எழுப்பின, இனிமையாக இருந்தது. படகுத்துறையில் நீமி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். முப்பது வருடமாக எனக்குத் தலைகூட அசைக்காத மனிதர். நானும் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பதில் மரியாதை செய்தேன். நான் தீவுக்குத் திரும்பும்போது அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார். அவருடைய பின்லாந்து முன்னோர்களின் வழக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை, ஆனால் மனம் நெகிழ்ந்தது.

நீ ஏதோ கேட்கப் போவதாக எழுதியிருந்தாய். என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். முடியாது, அக்கா. இத்தனை வருடம் சேர்ந்து இருந்தது போதும். தனியாக இருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அதை இந்த வயதில் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. தயவுசெய்து இந்தப் பேச்சை மறுபடியும் எடுக்காதே.

லீலண்ட்


பெல்மர் துறை
பிப்ரவரி 8

லீலண்ட்,

சரி.

கேட்டது என் தப்பு. அது அம்மா அப்பா வீடுதானே என்ற நினைப்பில் கை தானாக எழுதிவிட்டது. இனி கை அடங்கி இருக்கும். பெர்னீஸ், இதைப் படித்துக்கொண்டிருந்தால் உனக்கும் வணக்கம்.

ஒரே ஒரு வார்த்தை. நான் அனுப்பியதைப் படித்துவிட்டு ஒரு நாளாவது தள்ளிப்போட்டு எழுதியிருக்கலாம். யோசிக்கிறது போலப் பாவனையாவது செய்திருக்கலாம். ஹெரால்டுக்கு வேண்டாதது எதுவாக இருந்தாலும் "தூங்கி எந்திரிச்சுச் சொல்றேன்" என்பார். மறுநாளும் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆனால் தூங்கி எழுந்திருப்பார்.

நீமி உன்மேல் பெரிய கோபத்தில் இருக்கிறார். போன புதன்கிழமை பள்ளிக்கூட ஹாலில் பார்த்தேன். "ஒங்க தம்பி வேணும்னே பண்றாரு மார்லிஸ். என்னய மதிக்கலன்னு ஊருக்கே காட்டுறாரு" என்றார். "எங்க வீட்டுல யாரும் எதையும் வேணும்னு பண்ற அளவுக்குச் சுறுசுறுப்பு கெடையாது" என்றேன். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. "அவரு வாத்தியாரு, எல்லாம் படிக்கிறவரு. படிச்சிட்டுப் பண்றாரே, அதாங்க வயித்தெரிச்சல்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

எனக்கு உன் பக்கம் பேசி அலுத்துவிட்டது.

மார்லிஸ்


ஹெரான் தீவு, வடமுனை
பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், அதைப் பல முறை படித்தும் எனக்குப் புரியவில்லை. ஒரு கைப்பேசிக் கட்டணத்துக்கு அம்மா அப்பா வீட்டை ஏன் இழுக்கிறாய்? நான் முடியாது என்று எழுதியது உன் குடும்பத் திட்டத்துக்குத் திரும்பி வருவதைப் பற்றி மட்டும்தான். நீ கேட்கப்போவது அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். என் தொனி கடுமையாக இருந்ததாக உனக்குத் தோன்றினால், அது வகுப்பறையில் பழகிய தொனி, உனக்கென்று தனியாகச் செய்தது அல்ல.

மற்ற எதையும் நீ என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை. நமக்குள்ளும் நீமியின் சட்டத்தை வைத்துக்கொள்ளலாம். மறுப்பு இருந்தால் நான் சொல்வேன். சொல்லவில்லை என்றால் எனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்க்கொண்டே இரு.

நான் கைப்பேசி மாற்றியது நீமியை இந்த அளவுக்குப் புண்படுத்தும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தக் கம்பெனியில் பங்கு ஏதும் வைத்திருக்கிறாரா?

இங்கே எல்லாம் நலம். பாதை இன்னமும் திறந்தே இருக்கிறது. ஆனால் ஊரில் சோம்பல் கூடிவிட்டது. தபால்காரர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். பனியில் துளைபோட்டு மீன் பிடிக்கிறவர்கள் தாங்கள் உட்காரும் மரக்குடில்களையெல்லாம் ஏரியிலிருந்து இழுத்துப்போய்விட்டார்கள், இந்தத் தலைமுறைக்குப் பொறுமை கிடையாது. நட்ட மரங்களில் சில சாய்ந்துவிட்டன, ஒன்றைக் காணவே காணோம். நீமி அவற்றை நிமிர்த்தி வைப்பதில்லை. அவருக்கும் வயதாகிறது.

இப்போதெல்லாம் ஏரி நன்றாகப் பேசுகிறது. மாலையில் வாசலில் நின்றால் அடியிலிருந்து ஒரு நீண்ட முனகல் எழுந்து தீவைச் சுற்றிப் போகும். பெரிய விலங்கு ஒன்று படுக்கையில் புரண்டு படுப்பது போல. நேற்று வண்டியில் வரும்போது என் இருக்கைக்கு நேர் கீழே அதைக் கேட்டேன். பனி உடைந்தால் வெளியே குதிக்க வசதியாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பெல்ட்டைப் போடாமல் ஓட்டுவது நம் வழக்கம் அல்லவா, அதனால் மிகத் தெளிவாகக் கேட்டது.

லீலண்ட்


பெல்மர் துறை
மார்ச் 8, புதன்

லீலண்ட்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அடுப்பை அணைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் நீ முடியாது என்றது திட்டத்துக்கு. நான் அனுப்பிய செய்திக்கு நீ ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் சம்மதம் என்று நீயே எழுதியிருக்கிறாய். இதை ஜனவரியிலேயே எழுதித் தொலைத்திருந்தால் ஒரு மாதம் நான் டார்லீனிடம் உன்னைத் திட்டியிருக்க மாட்டேன். இப்போது அவளிடம் போய் எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதப்போவதில்லை. பெர்னீஸ் இருக்கிறாள்.

அதோடு நானும் ஒரு காரியம் செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய் உன்னுடையது மாதிரியே ஒரு கைப்பேசி வாங்கிவிட்டேன். ஒரே சமையலறையில் இரண்டு விதமான சார்ஜர் எதற்கு? உன் புத்திக்கு நீ வரமாட்டாய், நானாவது உன் புத்திக்கு வருகிறேன். கடையில் இருந்த பெண் பழையதை வாங்கிக்கொண்டு விலையில் கழித்தாள். "எல்லாம் மாறிடுச்சும்மா. போட்டோ, நம்பர் ஒண்ணுவிடாம இதுல வந்துருச்சு. நீங்க பாட்டுக்கு யூஸ் பண்ணுங்க" என்றாள். நம்பர் பழையதேதான். பார், நானும் பச்சையாகிவிட்டேன்.

நாளை வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் புறப்படுகிறேன். தையல் மெஷினையும் குளிர்காலத் துணிகளையும் முதலில் கொண்டுவருகிறேன், மற்றது பிறகு. கைப்பேசியில் சொல்லமாட்டேன். கூப்பிட மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான், வாசலில் வந்து நின்று புதுக் கைப்பேசியை உன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்தால் வடக்கு அறையில் ஹீட்டரைப் போட்டு வை.

மார்ச் மாதமாயிற்றே, பாதை எப்படி இருக்குமோ என்று கொஞ்சம் பயமாக இருந்தது. திங்கட்கிழமை ஒரே நாளில் நீமி எத்தனை செய்தி போட்டார், பார்த்திருப்பாய். ஆனால் செவ்வாய்க்கிழமை இந்தப் புதுக் கைப்பேசி கைக்கு வந்ததிலிருந்து அவரிடமிருந்து மூச்சே இல்லை. ஏரி இறுகிவிட்டது போல.

உன் அக்கா


ஹெரான் தீவு, வடமுனை
மார்ச் 10, வெள்ளி

அன்புள்ள அக்கா,

பாதை மூடியிருப்பதால் இந்த வாரம் தபால் எதுவும் வரவில்லை. நீ ஏதாவது எழுதியிருந்தால் அது உங்கள் கரையிலேயே கிடக்கும். இதுவும் எப்போது உன்னிடம் வரும் என்று தெரியாது. இருந்தாலும் எழுதியே ஆகவேண்டும்.

நேற்று மதியம் நீமி, பனியிலும் தண்ணீரிலும் போகும் அந்தப் பெரிய விசிறி வைத்த படகில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் தட்டவில்லை, உதைத்தார்.

"வாத்தியாரே, சாகணும்னா வீட்டுலயே சாவுங்க. ஒங்களத் தண்ணிக்குள்ள தேட எங்ககிட்ட ஆளு கெடையாது."

காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"ரோடு மூடியிருக்குன்னு ஜனவரியிலேருந்து கத்திக் கத்தித் தொண்ட போச்சு. ஒவ்வொரு தடவையும் நீங்க மட்டும் ஜாலியா வண்டிய எடுத்துட்டு வர்றீங்க. கைய ஆட்டி நிறுத்தினா ஹாரன் அடிக்கிறீங்க."

எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. தன் கைப்பேசியை எடுத்து, என் எதிரிலேயே குழுவுக்கு ஒரு வரி அனுப்பினார். என் புதுக் கைப்பேசி மேசையில் சும்மா கிடந்தது. இருவரும் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் மெதுவாக உட்கார்ந்து, "காப்பி குடுங்க" என்றார்.

டிராயரிலிருந்து பழையதை எடுத்துச் சார்ஜ் போட்டோம். உயிர் வந்ததும் அது அதிர ஆரம்பித்தது, மேசை விளிம்புவரை நகர்ந்து போயிற்று. இரண்டு மாதச் செய்தியும் அதில்தான் வந்து இறங்கியது. பழைய கம்பெனியின் கணக்கில் என் எண் இன்னமும் அவர்களுடையதாகவே இருந்திருக்கிறது. நீமியோ நீயோ, அவர்களுடைய கைப்பேசி வைத்திருப்பவர் எது அனுப்பினாலும் அது என் டிராயரைத் தேடிப் போயிருக்கிறது. கம்பெனியை விட்டுப் போகிறவன், போய்விட்டேன் என்று அவர்களிடம் தனியாகச் சொல்லிப் பெயரை எடுத்துவிட வேண்டுமாம். எண் மாறவில்லை என்றால் எதுவும் மாறவில்லை என்று உனக்கு எழுதியவன் நான். நீமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எந்தெந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடித் தேடி அதைச் செய்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை அவர் என் சமையலறையை விட்டு நகரவில்லை.

அந்தச் செய்திகளுக்கு நடுவில் உன்னுடையதும் இருந்தது. ஜனவரி 22. "லீலண்ட், ஹெரால்ட் போனதுக்கப்புறம் இந்த வீட்டுல என் காலடிச் சத்தமே எனக்குப் பிடிக்கல. அங்க வடக்கு ரூம் சும்மாதான கெடக்கு. வந்துரட்டுமா? ஒனக்குத் தொந்தரவா இருக்க மாட்டேன். யோசிச்சுச் சொல்லு."

வா.

அந்த அறையில் என் புத்தகங்கள் தரையில் இருக்கின்றன, அவற்றை இன்றே எடுத்துவிடுகிறேன். தையல் மெஷினுக்கு ஜன்னலோரம் இடம் இருக்கிறது. தொந்தரவு செய்ய மாட்டேன் என்று நீ சொல்வதை நான் நம்பவில்லை, இருந்தாலும் வா. ஏப்ரலில் படகு ஓடத் தொடங்கியதும் வா. அதுவரை ஏரிப் பக்கம் வராதே. இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீமியின் செய்திகள் உனக்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்கின்றன.

இதையெல்லாம் நேற்று மாலையே கைப்பேசியில் உனக்கு அனுப்பினேன். நீ பதில் போடவில்லை. இரண்டு முறை கூப்பிட்டும் பார்த்தேன், எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று ஜனவரியிலேயே எழுதியிருந்தாய். நான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன், நீயும் தூங்கி எழுந்து மெதுவாகவே சொல்.

உன் தம்பி,
லீலண்ட்

பி.கு. நேற்று நீமி இங்கே இருந்த நேரத்தில், உங்கள் கரையிலிருந்து புறப்பட்ட வண்டி ஒன்று பாதிவழியில், மரம் காணாமல் போன இடத்தில் பனி உடைந்து தண்ணீருக்குள் போய்விட்டது. கரையில் நிறுத்த ஆள் இல்லை. ஷெரிஃப் ஆட்கள் காலையிலிருந்து அங்கே இருக்கிறார்கள். வண்டி இன்னும் மேலே வரவில்லை. யாருடையது என்று தெரியவில்லை.